கிட்னிக்காரர் வீட்டு உப்பு

மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறேன். வறுத்து அரைத்தால்தான் சாம்பாருக்கு மணம், குழம்பு மண்சட்டியில் கொதித்தால்தான் ருசி என்று யாராவது ஆரம்பித்தால், "அப்படியா, நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவள் நான். மாலை வீடு வந்து சேர ஆறு மணியாகும். ஆறரைக்கு மேஜையில் சோறு இருக்க வேண்டும், அதுவும் வாய்க்கு விளங்குகிற மாதிரி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டுவதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது. ரைஸ் குக்கரில் சோறு வேகும்போது மேலே ஒரு தட்டு வைத்து மீனை அவித்துவிடுவேன். கோழிப் பிரட்டலை ஒரே சட்டியில், இருபது நிமிஷத்தில், எண்ணெய் பிரிய இறக்குவேன். விருந்துக்கு வந்தவர்கள் விரலை நக்கிக்கொண்டே எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லி அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சாப்பாட்டு மனிதர். கிள்ளானிலிருந்து சிரம்பான் வரை எந்த ஊரில் எந்தச் சாலையோர ஒட்டுக்கடையில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையின் மீன்தலைக் குழம்புக்காக லோரியை எங்கோ நிறுத்திவிட்டு வெயிலில் அரை மைல் நடந்து போயிருக்கிறார். என்னைக் கட்டிக்கொண்டதே என் நண்டுப் பிரட்டலுக்காகத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நான் மறுத்ததில்லை. சாப்பிடும்போது அவர் பேச மாட்டார். மூக்கு நுனியில் வேர்க்கும். முடிக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு "ம்" வரும். பட்டம் வாங்கியது போல இருக்கும் எனக்கு.

இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி, அவருக்கு நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு அதே கையோடு சீனி தூக்கலாகத் தே தாரேக் குடிக்கிற ஆள். சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டேன், கடைசியில் நானும் சேர்ந்து சாப்பிட்டேன். ஐம்பத்தெட்டாவது வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த டயாலிசிஸ் மையத்துக்குப் போக ஆரம்பித்தோம். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் அவர் இரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்.

அங்கே இருந்த சத்துணவு அதிகாரி ஒரு மலாய்ப் பெண். சின்ன வயசு, சிரித்த முகம். என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், சோயா கிச்சாப், இறால் பிளாச்சான் என்று உப்புக் கரிக்கிற எதுவும் கூடாது. காய்கறியைப் பொடியாக நறுக்கி நீரில் ஊறப்போட்டு, அந்த நீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்து, அந்த நீரையும் கொட்ட வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. உப்பு கிட்டத்தட்ட இல்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தபோது எனக்குப் பயம் வரவில்லை. இதையும் நான் நன்றாக இருக்கிற மாதிரி சமைத்துக் காட்டுகிறேன் பார் என்றுதான் தோன்றியது. என் புத்தி அப்படி.

காட்டவும் செய்தேன், ஓரளவுக்கு. பூண்டை முழுசாக வதக்கிப் பிசைந்தால் உப்பு இல்லாத குறை பாதி தெரியாது. மிளகை அப்போதுதான் இடிக்க வேண்டும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும். முட்டையின் வெள்ளையை மட்டும் எடுத்து மிளகும் கொத்தமல்லியும் போட்டு மடித்தால் ஐந்து நிமிஷத்தில் ஒரு கறி. ஆனால் என்ன செய்தாலும் அந்த "ம்" வரவில்லை. அவர் குறை சொல்ல மாட்டார், அதுதான் கொடுமை. தட்டைப் பார்த்தபடி ஒரு வாய், பிறகு ஒரு வாய் என்று வைப்பார். வரி கட்டுகிறவர் முகம் போல இருக்கும். ஒரு வருஷத்தில் சட்டைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. சாப்பிடாமல் இருந்தால் சீக்கிரம் படுத்துவிடுவார் என்று நர்ஸும் சொன்னார். அவரைச் சாப்பிட வைப்பது, ஆசையோடு சாப்பிட வைப்பது, அது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே நாலு மணி நேரம் அவர்கள் படுத்திருக்க, வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் மனைவிமார், சில மகள்கள், ஒரு மருமகள். முதலில் வியாதியைப் பேசினோம். பிறகு அழுகை. அதன்பிறகு, சலித்துப் போனதாலோ என்னவோ, சமையல். நான் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் காதைக் கொடுத்தார்கள். போனில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். "கிட்னி கிச்சன்" என்று பெயர் வைத்தது நான்தான். எழுதிப் போட்டால் பாதிப் பேருக்குப் படிக்கச் சிரமம் என்பதால் குரலில் பதிவு செய்து அனுப்புவேன். வாரத்துக்கு ஒரு சமையல், மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாது. ரேடியோவில் பேசுகிறவர்கள் தோற்றார்கள் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். இருபத்தாறு வருஷம் யார் யாருக்கோ கடிதம் டைப் செய்தவளுக்கு, தன் வார்த்தைக்கு முப்பது பேர் காத்திருப்பது சின்ன விஷயமா?

அந்தக் குரூப்பில் ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. யாருடைய ஆளாவது இறந்துவிட்டால் அந்தச் செய்தியை யாரும் போடுவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, இன்னார் குரூப்பை விட்டு வெளியேறினார் என்று அந்த வீட்டம்மா பெயரில் ஒரு சின்ன வரி வரும். எங்களுக்குப் புரிந்துவிடும். அன்று யாரும் சமையல் பேச மாட்டோம்.

கேரி தீவிலிருந்து ஒரு அக்கா வருவார். அவர் வீட்டுக்காரர் அங்கே எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். கழுத்து நரம்பெல்லாம் தெரிகிற மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. தீவிலிருந்தும் பந்திங் பக்கமிருந்தும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வரும். இவர்கள் இருவரும் அதில் வந்து அதில் போவார்கள். அக்காவுக்கு என் சமையல் என்றால் உயிர். பதிவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு தடவை கேட்பார். அடுத்த தடவை என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, அந்த மிளகு முட்டை செஞ்சேன், ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாரு" என்று கையைப் பிடித்துக்கொள்வார். தோட்டத்து வேலையில் காய்த்துப்போன கை.

அந்த உப்பைக் கண்டுபிடித்தது டயாலிசிஸ் ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் ஒரு பெரிய பேரங்காடியில், ஆரோக்கிய உணவு வைத்திருக்கும் வரிசையில் பச்சை நிறப் பாக்கெட். சோடியம் பாதிக்கும் மேல் குறைக்கப்பட்டது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மலாயிலும் போட்டிருந்தது, சீனத்திலும் போட்டிருந்தது. உப்பில் கெடுதல் சோடியம்தான் என்று எங்களுக்கு அத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். சோடியம் குறைந்த உப்பு என்றால் வேறென்ன வேண்டும்? கடையிலேயே பாக்கெட்டை ஒரு தட்டு தட்டினேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்தான். பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடி வெளியே நிறுத்தியிருந்த காடியில் இருந்தது.

அன்று மத்தியானம் கெம்போங் மீனைப் புளி கம்மியாக, பூண்டு நிறைய வைத்துக் குழம்பு வைத்தேன். அந்த உப்பைப் பயந்து பயந்து அல்ல, தாராளமாகவே போட்டேன். ஒரு கெடுதலும் இல்லாத உப்புக்கு ஏன் கஞ்சத்தனம்? அவர் முதல் வாய் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்தவர் நிமிரவே இல்லை. மூக்கு நுனியில் வேர்த்தது. கடைசியில் அந்த "ம்" வந்தது. நான் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அன்று சாயந்தரமே குரூப்பில் பதிவு போட்டேன். என் குரல் எனக்கே தெரிகிற அளவுக்குத் துள்ளியது. கிட்னிக்காரர்களுக்கென்றே செய்த உப்பு போல இருக்கிறது, பயமில்லாமல் போடுங்கள் என்று சொன்னேன். நாலு பக்கமிருந்தும் நன்றி வந்து குவிந்தது. தீவில் அது கிடைக்காது என்று அக்கா சொன்னதால், செவ்வாய்க்கிழமை நானே ஒரு பாக்கெட் வாங்கிப் போய் அவர் கையில் கொடுத்தேன்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் திருவிழா. சாவி கீரைப் பொரியல், கோழி ரசம், முட்டைக் குழம்பு என்று வேளைக்கு ஒன்று. அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். லோரிக்கார நண்பருக்குப் போன் செய்து, "என் பொண்டாட்டி டாக்டரையே ஜெயிச்சுட்டா லா" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் பசியாறிவிட்டு நாற்காலியிலிருந்து எழ முயன்றார். எழ முடியவில்லை. கால் தன்னுடையது மாதிரியே இல்லை என்றார். நாக்கு மரத்துப்போகிறது என்றார். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்தது, செவ்வாய்க்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, இந்த இடைவெளியில் சோர்வு வழக்கம்தானே என்று நினைத்தேன். கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நின்று நின்று அடித்தது. பக்கத்து வீட்டு சீனர் அங்கிளைக் கூப்பிட்டு, இருவரும் சேர்ந்து தூக்கி அவர் காடியில் போட்டோம்.

எமர்ஜென்சியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்ததுமே ஓட ஆரம்பித்தார்கள். ஊசி போட்டார்கள், அவசரமாக டயாலிசிஸ் மெஷினில் மாட்டினார்கள். இதயம் நிற்கப் போகிற நிலையில் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னார். கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் தாறுமாறாக ஏறியிருந்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி, இளம் மருத்துவர், என்னிடம் வந்து என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். வாழைப்பழமா, இளநீரா? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஐந்து வருஷமாக அதெல்லாம் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, உப்புகூட நல்ல உப்புதான் போடுகிறேன் என்றேன். பெருமையாகவே சொன்னேன். அவள் முகம் மாறியது. அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். அவள் பின்பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள்.

"ஆன்டி, சோடியத்தை எடுத்துட்டா அந்த இடத்துல வேற ஏதாவது போடணும்ல? இதுல போட்டிருக்கறது பொட்டாசியம். மத்தவங்களுக்குப் பரவாயில்லை. அங்கிள் மாதிரி ஆளுங்களுக்கு இது விஷம். இங்க பாருங்க, கிட்னி நோயாளிங்க பயன்படுத்தக் கூடாதுன்னே போட்டிருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். போட்டிருந்தது. அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் எனக்கு.

அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் கண்ணைத் திறந்து நடந்ததைக் கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த குரூப்ல எத்தனை பேர் வாங்கினாங்க?" என்றார்.

"தெரியலைங்க."

"எல்லாருக்கும் போன் பண்ணு. ஒவ்வொருத்தருக்கா பண்ணு. அந்த கேரி ஐலண்ட் அக்காவுக்கு முதல்ல பண்ணு."

நான் பண்ணவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். வார்டுக்கு வெளியே போய் போனை எடுத்தேன். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, நான் சொன்ன உப்பால் என் புருஷன் சாகக் கிடக்கிறார் என்று எப்படிச் சொல்வது? முப்பது தடவை எப்படிச் சொல்வது? வராந்தாவில் என்னைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இனி எப்படிப் பார்ப்பார்கள்? ஆகவே என் வழக்கப்படி சுலபமான வழியைத் தேடினேன். குரூப்பில் ஒரு பதிவு போட்டேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது.

"எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நான் சொன்னேன்ல, அந்த உப்பு, அதை இப்போதைக்குக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. எல்லாருக்கும் ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்றாங்க. நான் நல்லா விசாரிச்சுட்டு மறுபடியும் சொல்றேன். சரிங்களா? அடுத்த வாரம் கத்தரிக்காய்ல சுலபமா ஒண்ணு சொல்லித் தரேன்."

குரல் சாதாரணமாக வர வேண்டும் என்று இரண்டு தடவை அழித்து மூன்றாவது தடவை பதிவு செய்தேன். உள்ளே போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

பதிவை யார் யார் கேட்டார்கள் என்று போனில் பார்க்கலாம். அடிக்கடி பார்த்தேன். அக்கா கேட்டதாகக் காட்டவில்லை. போனை அவர் மகள் வைத்திருப்பாள், தீவில் லைன் சரியாகக் கிடைக்காது, எப்படியும் கேட்டுவிடுவார் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டேன். கூப்பிட முடியாத தூரத்திலா நான் இருந்தேன்? போன் கையில் இருந்தது. எண் அதில் இருந்தது.

ஆறாம் நாள் என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரம், ஒரு மத்தியானம் பீன்ஸை ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கொடுத்தது. அக்கா குரூப்பை விட்டு வெளியேறினார் என்ற வரி. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் அந்த உப்பால்தான் போனாரா என்று யாருக்கும் தெரியாது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். தூக்கத்தில் போனார், வேன் வந்து ஹாரன் அடித்தபோதுதான் தெரிந்தது என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். யாரும் உப்பைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வந்த முதல் உணர்வு நிம்மதி. அது வந்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் தீவுக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன், போன் செய்யாமல் ஏமாற்றியதையும் சேர்த்து. அவர் என்னைப் பார்க்கவில்லை. "போய் அந்தம்மாகிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார். செம்பனை மரங்களுக்கு நடுவே போகிற சாலையில் இரண்டு இடத்தில் வழி தவறினேன். தோட்டத்து வரிசை வீடு. உள்ளே அவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அக்கா வெள்ளைப் புடவையில் இல்லை, ஒரு பழைய கைலியும் சட்டையும் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் பேச ஆரம்பித்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி பேசினார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். கடைசி ரெண்டு வாரம் மனுஷன் எப்படிச் சாப்பிட்டாரு தெரியுமா? அஞ்சு வருஷமா அவரை அப்படிப் பாத்ததே இல்லை. குழம்பை ஊத்து ஊத்துன்னு வாங்கிச் சாப்பிட்டாரு. நீ கொடுத்த உப்புதான். நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், அந்தத் தங்கச்சி புண்ணியத்துல என் புருஷன் நல்லா தின்னுட்டுத்தான் போனாருன்னு."

"அக்கா, அதை நிறுத்தச் சொல்லி நான் ஒரு மெசேஜ் போட்டேனே. நீங்க கேக்கலைதானே?" கேட்கவில்லை என்று அவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படியென்றால் குற்றம் தீவில் கிடைக்காத லைனுடையது.

"கேட்டோமே. வேன்ல வரும்போது பந்திங்கார அம்மா சத்தமா போட்டாங்க. அவரும் கேட்டாரு. நான்தான் பயந்துக்கிட்டு தூக்கிப் போட்டுடலாமான்னு கேட்டேன். அவரு சொன்னாரு, கொஞ்சம் நிறுத்தி வைக்கத்தானே சொல்லுது, ஆபத்துன்னா அந்தப் பொண்ணு இப்படியா கத்தரிக்காய் பத்திப் பேசும்? பாக்கெட்ல பாதி இருக்கு, அது தீரட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம்னாரு. எனக்கும் நீ காசு கொடுத்து வாங்கித் தந்த பொருளைக் கொட்ட மனசு வரலை."

அக்காவின் கை இன்னும் என் கையின் மேல் இருந்தது. நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் எமர்ஜென்சியில் கிடந்தது, மருத்துவர் விஷம் என்று சொன்னது, எனக்கு அது முழுசாகத் தெரிந்த பிறகும் வெட்கப்பட்டு அப்படிப் பூசி மெழுகிப் பேசியது, போன் செய்யச் சொல்லியும் செய்யாதது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவர் கையை எடுத்துக்கொண்டார். வேகமாக எடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா நான் கொட்டியிருப்பேனே தங்கச்சி" என்றார். திட்டு இல்லை, சாபம் இல்லை. கணக்குத் தப்பிப்போனதை இப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். பிறகு, "அந்த வேன்ல இன்னும் ஆறு பேர் வராங்க. அவங்ககிட்டயாவது சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்கைத் தூண்டப் போனார். துக்க வீட்டில் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லை. நான் எழுந்து வெளியே வந்தேன்.

காடியில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். எஞ்சினைக்கூடப் போடவில்லை. போனை எடுத்துப் பதிவு செய்தேன். ஒரே தடவைதான்.

"நான்தான் பேசறேன். அந்தப் பச்சைப் பாக்கெட் உப்பை வச்சிருக்கறவங்க இப்பவே எடுத்து வெளிய கொட்டுங்க. தீரட்டும்னு வைக்காதீங்க. அது நம்ம ஆளுங்களுக்கு விஷம். பொட்டாசியம். அதைப் போட்டுச் சமைச்சுக் கொடுத்துத்தான் என் வீட்டுக்காரரை நான் சாகிற அளவுக்குக் கொண்டுபோயிட்டேன். போன மாசமே எனக்குத் தெரியும். என்னைத் தப்பா நினைப்பீங்கன்னு மறைச்சுட்டேன். கால் சோர்ந்து போனாலோ நாடி குறைஞ்சாலோ செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயிலில் காடிக்குள் கொதித்தது. நாலு பேர் கேட்டதாகக் காட்டியது. ஒன்பது பேர். பதினாலு பேர். பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. காப்பாரிலிருந்து தன் அப்பாவைக் கூட்டிவரும் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"ஆன்டி, எங்கப்பாவுக்கு இன்னிக்குக் காலையில கஞ்சிக்குக்கூட அதைத்தான் போட்டேன். ரெண்டு நாளா கால்ல பலமே இல்லைங்கறாரு. வயசாச்சு, அதனாலன்னு நினைச்சேன்."

நான் பதில் பதிவு செய்யவில்லை. நேராகப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"இப்பவே அப்பாவைக் காடியில ஏத்தும்மா," என்றேன். "பேசிக்கிட்டு நிக்காத. அந்தப் பாக்கெட்டையும் கையில எடுத்துக்கோ. இதை யாரு கொடுக்கச் சொன்னாங்கன்னு டாக்டர் கேப்பாங்க. என் பேரைச் சொல்லு."